ஊரடங்கும் சிறுவர் விளையாட்டும்

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25ஆம் நாள் நம் நாடு முழுவதும் ஊரடங்கு நடப்புக்கு வந்தது. பள்ளிகள் அதற்கு முன்னரே மூடப்பட்டிருந்தன. சிறுவருக்கு உடற்பயிற்சி என்றால் விளையாட்டு வகுப்பையே நாம் எண்ணுகிறோம். பள்ளிக்கு நடப்பதும், படியேறி இறங்குவதும், இடைவேளையில் ஒருவரையொருவர் துரத்துவதும் பயிற்சியே அன்றோ? எவரும் கணக்கில் எழுதாத அந்த ஓட்டமும் உடன் நின்றது.

5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமேனும் மூச்சு வாங்கும்படி உடலை இயக்கவேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். கீழ்வீட்டாரின் முணுமுணுப்புக்கு அஞ்சும் சிறு வீட்டில் குழந்தை எங்கே குதிக்கும்?

திரையே பள்ளியாயிற்று, தோழனும் ஆடுகளமும் அதுவே ஆயிற்று. எட்டாம் வகுப்பு வரை, நாளுக்கு 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரு இணைய வகுப்புகளே போதும் என்று 2020 சூலையில் மத்திய அரசு நெறிமுறை வகுத்தது. நல்ல வரம்புதான். ஆனால் பாடம் முடிந்ததும் கைப்பேசியை வாங்கி வைப்பவர் யார்? பெற்றோரும் திரைமுன் அமர்ந்தே அலுவல் பார்த்தனர். குழந்தையை மட்டும் சோம்பேறி என்று நாம் கடிந்தது நியாயமன்று. (கைப்பேசியே இல்லாத வீடுகளின் துயரம் வேறு.)

சீனாவின் பெய்செங் நகரப் பள்ளிச் சோதனைகளில், 2015 முதல் 2019 வரை ஆறு வயதினரிடையே கிட்டப்பார்வை 5.7 விழுக்காட்டைத் தாண்டவில்லை. 2020இல் அது 21.5 ஆயிற்று. பகலொளியில் திரியும் குழந்தைக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்புக் குறைவு என்பர் கண் மருத்துவர். மொட்டைமாடி உள்ள வீட்டுக் குழந்தைக்கு அவ்வொளி சிறிது கிட்டியது. ஏனையோருக்குச் சன்னலோரமே வெளியாயிற்று.