நான்கு டாலர் இல்லாதவர்களின் கிராமம்

(நன்கொடையாளர்களுக்கான ஸ்தோத்திரக் கூட்டத்தில் ஆஸ்பத்திரி ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



உங்கள் காணிக்கையினால் மருந்து வாங்குகிறோம். ஏழை நோயாளிகளின் பில்லைக் குறைக்கிறோம். அதற்காக ஆண்டவரை ஸ்தோத்திரிக்கிறேன். ஆனாலும் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற எங்களுக்குத் தெரிந்த ஒரு காரியம் உண்டு. வெறும் வயிற்றில் மருந்து தங்காது. பஸ்ஸுக்குக் காசில்லாமல் வீட்டிலேயே படுத்திருப்பவரை எந்த டாக்டரும் குணமாக்க முடியாது. ஆகவே மருந்துக்கு முன்னே வரவேண்டிய ஒன்றைக் குறித்து இன்று பேச விரும்புகிறேன். அதைச் செய்து பார்த்த ஒரு கிராமம் ஆப்பிரிக்காவில், நமீபியா தேசத்தில் இருக்கிறது.

தலைநகரான விண்ட்ஹுக்கிலிருந்து கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர் போனால் ஒட்ஜிவேரோ. பண்ணைகளில் வேலை இழந்து, போக்கிடமில்லாமல் வந்தவர்கள் தகரக் கொட்டகைகளில் குடியேறிய இடம். ஏறக்குறைய ஆயிரம் பேர். அங்கே ஒரு சிறிய கிளினிக் இருந்தது. கட்டணம் 4 நமீபிய டாலர். அந்த நான்கு டாலர் கையில் இல்லாததால் பலர் நோய் முற்றுகிறவரை அந்த வாசலுக்கே வரவில்லை.

2002ஆம் ஆண்டில், நமீபியாவின் வரிமுறையை ஆராய அரசு நியமித்த குழு ஒரு சிபாரிசு செய்தது. ஏழை, பணக்காரர் என்று பாராமல் ஒவ்வொருவருக்கும் மாதந்தோறும் ஓர் அடிப்படை வருமானம் கொடுக்கலாம் என்பதே அது. அரசு தயங்கியது. அப்பொழுது சபைகளும் தொழிற்சங்கங்களும் தொண்டு நிறுவனங்களும் ஒன்று சேர்ந்து, ஒரு கிராமத்திலாவது இதைச் செய்து காட்டுவோம் என்று தீர்மானித்தார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் லுத்தரன் திருச்சபையின் பேராயர் செபானியா கமீட்டா. உங்களைப் போன்றவர்களின் நன்கொடைதான் முதல்.

2008 ஜனவரி முதல் 2009 டிசம்பர் வரை, அந்த ஊரில் பதிவு செய்யப்பட்ட, 60 வயதுக்கு உட்பட்ட ஒவ்வொருவருக்கும் மாதம் 100 நமீபிய டாலர் கொடுக்கப்பட்டது. அதற்கு மேற்பட்டவர்களுக்கு அரசின் முதியோர் பென்ஷன் ஏற்கெனவே இருந்தது. பிள்ளைகளின் பங்கு அவர்களை வளர்ப்பவர் கையில் கொடுக்கப்பட்டது. நிபந்தனை ஒன்றும் இல்லை.

என்ன நடந்தது? தொடங்குமுன் அங்கே 100 பிள்ளைகளில் 42 பேர் எடை குறைந்தவர்களாக இருந்தார்கள். ஒரு வருஷத்தில் அது 10 ஆகக் குறைந்ததாக ஆய்வறிக்கை சொல்லுகிறது. கிளினிக்கின் மாத வருமானம் சுமார் 250 டாலரிலிருந்து 1,300 டாலர் வரை உயர்ந்தது. இதைக் கவனியுங்கள். ஜனங்கள் இலவசம் கேட்டு வரவில்லை. கையில் காசு வந்ததும் தாங்களே நான்கு டாலரைக் கொடுத்து வைத்தியம் பார்த்துக்கொண்டார்கள்.

சும்மா கொடுத்தால் சோம்பேறிகளாவார்கள், குடித்து அழிப்பார்கள் என்று நாம் சொல்லுகிறோமே! 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் சம்பாதிக்கிறவர்கள் நூற்றுக்கு 44 பேராக இருந்தார்கள். அது 55 ஆயிற்று. சிலர் செங்கல் அறுத்தார்கள். சிலர் ரொட்டி சுட்டு விற்றார்கள். சிலர் துணி தைத்தார்கள். குடியைக் குறித்தோ, ஊரார் தாங்களே 18 பேர் கொண்ட குழுவைத் தேர்ந்தெடுத்து, பணம் கொடுக்கும் நாளில் கடையைத் திறக்கவேண்டாம் என்று மதுக்கடைக்காரர்களிடம் பேசி முடிவு செய்தார்கள்.

குறைகளையும் மறைக்கலாகாது. ஒப்பிட்டுப் பார்க்க, பணம் பெறாத வேறொரு கிராமத்தை அவர்கள் ஆய்வில் வைக்கவில்லை. பணம் வருவதைக் கேள்விப்பட்டு உறவினர் பலர் வந்து சேர்ந்ததால், ஒரு குடும்பத்தின் பங்கைப் பலர் பகிர வேண்டியிருந்தது. இரண்டு வருஷம் முடிந்தபின் அரசு இதைத் தேசமெங்கும் விரிவாக்கவும் இல்லை. நன்கொடையால் ஒரு கிராமத்தை இரண்டு வருஷம் தாங்கலாம். ஒரு தேசத்தைத் தாங்க வரிப்பணமும் சட்டமும் வேண்டும்.

பணக்காரனுக்கும் ஏன் கொடுக்கவேண்டும் என்று கேட்பீர்கள். அவனிடமிருந்து அது வரியாகத் திரும்பி வந்துவிடும். ஆனால் தகுதி பார்த்துப் பிரிக்கத் தொடங்கினால் விடுபடுகிறவன் பெரும்பாலும் ஏழையே. இதை எங்கள் குறையாகவே அறிக்கையிடுகிறேன். சலுகை கேட்டு வருகிறவரிடம் நாங்கள் எத்தனை கேள்வி கேட்கிறோம்! மகன் சம்பாதிக்கவில்லையா? காதில் இருப்பது தங்கமா? வெட்கப்பட்டுத் திரும்பிப் போனவர்களின் பெயர் எங்கள் ரிஜிஸ்டரில் இல்லை.

வயலின் ஓரத்தை அறுக்காமல் எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடும்படி லேவியராகமம் கட்டளையிடுகிறது. பொறுக்க வருகிறவனின் நடத்தையை விசாரிக்கும்படி அங்கே எழுதப்படவில்லை. அந்த ஓரம் தர்மம் அல்ல, அவனுடைய பங்கு. திராட்சத்தோட்ட உவமையில் கடைசி மணி நேரத்தில் வந்தவனுக்கும் முழு நாள் கூலி கிடைத்தது. அவன் வீட்டிலும் அன்றிரவு சாப்பாடு வேண்டுமே!

நம் தேசத்திலும் இதன் சிறு அடையாளம் உண்டு. காசநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்களுக்கு, சத்துணவுக்கென்று மாதம் 500 ரூபாய் பாங்குக் கணக்கில் செலுத்தும் திட்டம் 2018இல் தொடங்கியது. 2024 நவம்பரில் அது 1,000 ரூபாய் ஆயிற்று. மருந்தோடு ஆகாரமும் வேண்டும் என்பதை அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால் அது வியாதி வந்தபின் கிடைப்பது. பசியால் உடல் நலிந்து வியாதிக்கு இடங்கொடுக்குமுன்னே கொடுத்தால் எவ்வளவு நலம்!

பிரியமானவர்களே, உங்கள் காணிக்கையை நிறுத்தவேண்டாம். அது இன்றைக்கு வந்திருக்கிற நோயாளிக்கு வேண்டும். ஆனால் ஏழைக்குக் கையில் பணம் கொடுக்கும் திட்டத்தைப் பற்றிப் பேச்சு வரும்போது, உங்கள் வீட்டிலும் சபையிலும் அதை ஏளனம் செய்யாதிருங்கள். ஒட்ஜிவேரோவின் நான்கு டாலரை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த வாசலுக்கு வர இன்னும் வழியில்லாதவர்களுக்காக ஜெபியுங்கள். அவர்கள் பங்குக்காகப் பேசவும் செய்யுங்கள். ஆண்டவர்தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக.