வீட்டுக்குள் கோல்ப் பயிற்சி



கோல்ப் ஆட்டத்திற்குப் பரந்த புல்வெளி வேண்டும். ஆயினும் அவ்வாட்டத்தில் பாதியை வீட்டுத் தாழ்வாரத்திலேயே பழகலாம் என்பேன். கணக்கிட்டுப் பாருங்கள்.

முழுத் திடலில் குழிகள் 18. தேர்ந்த ஆட்டக்காரருக்குப் பெரும்பாலும் வகுக்கப்படும் அடிகள் 72. அவற்றுள் குழிக்கு 2 வீதம் 36 அடிகள், குழியைச் சூழ்ந்த மட்டப் புல்தரையில் பந்தை உருட்டுவதற்கே உரியவை. இதனைப் 'பட்டிங்' என்பர். இதற்கு உடல் வலிமையினும் நிதானமே தேவை.

குழியின் விட்டம் நாலேகால் அங்குலம். அவ்வளவில் காகித வட்டமொன்றை வெட்டி விரிப்பின்மேல் ஒட்டுங்கள். இரண்டு முழத் தொலைவில் நின்று பந்தை உருட்டுங்கள். தலை அசையலாகாது, மணிக்கட்டு மடங்கலாகாது, தோள்கள் ஊசல்போல் ஆடட்டும். பந்து வட்டத்தைக் கடந்து சற்றே அப்பால் நிற்க வேண்டும். தொடர்ந்து பத்து முறை கைகூடிய பின்னரே ஒரு முழம் பின்வாங்குங்கள். இடையில் தவறினால் ஒன்றிலிருந்து மீண்டும் எண்ணுங்கள். புல்தரையின் வேகமும் சரிவும் வேறு. அவற்றைத் திடலில்தான் கற்க வேண்டும். நேரான அடி வீட்டிலேயே கைவரும்.

2021-இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூரின் அதிதி அசோக் நான்காம் இடம் பெற்றார். பந்தை நெடுந்தூரம் அடிப்பதில் பலருக்குப் பின்தங்கிய அவரை முன்னணியில் நிறுத்தியது இவ்வுருட்டும் திறனே. வெண்கலப் பதக்கம் ஒரே ஓர் அடியில் கைநழுவிற்று.

எங்கள் திருத்தணி மலைக்குப் படிகள் 365 என்பர். அவற்றை ஒரே தாவலில் ஏறியவர் எவருமிலர். நாள்தோறும் கால்மணி நேரம் பழகுங்கள். அந்த ஓர் அடி உங்களுக்கு வசமாகும்.