சார்ஜைக் காப்பது யார்?

(கைப்பேசிப் பயன்பாடு குறித்த விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பட்டா, வருமானச் சான்றிதழ், மின் கட்டணம், ரேஷன் விவரம்னு பாதி வேலை இப்ப கைப்பேசியிலேயே முடிஞ்சிடுது. ஆனா ஓ.டி.பி. வர்ற நேரத்துல போன் அணைஞ்சிட்டா, எல்லாம் அங்கேயே நின்னுடும். அதனாலதான் இன்னைக்கு பேட்டரியைப் பற்றிப் பேசலாம்னு வந்திருக்கேன்.

"எல்லா ஆப்பையும் க்ளோஸ் பண்ணிடுங்க, சார்ஜ் நிற்கும்." இந்த அறிவுரையைக் கேட்காதவங்க இங்க யாரும் இருக்க மாட்டீங்க. இது எவ்வளவு தூரம் சரி? அதைத் தெரிஞ்சுக்க, போனுக்குள்ள சார்ஜை உண்மையில யார் காக்கிறாங்கன்னு பார்க்கணும்.

ஆண்ட்ராய்டு போன்களின் அடித்தளத்தில் லினக்ஸ் கெர்னல் இருக்கிறது. 1991-ல் பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய மென்பொருள் அது. கேமரா, வைஃபை, ஜி.பி.எஸ்., பிராசசர் என்று ஒவ்வொரு பாகத்தையும் யார், எப்போது பயன்படுத்தலாம் என்று பார்த்துக்கொள்வது கெர்னலின் வேலை. எந்தப் பாகம் எப்போது தூங்கலாம் என்று முடிவு செய்வதும் அதன் வேலைதான்.

எப்படி முடிவு செய்யுது? ஊர்ல ஒரு பொதுக்கூடம் இருக்குன்னு வைங்க. உள்ளே வர்றவங்க நோட்டுல பேர் எழுதணும், போகும்போது அடிக்கணும். நோட்டுல ஒரு பேர்கூட இல்லைன்னா காவலாளி லைட், ஃபேன் எல்லாத்தையும் அணைச்சிடுவார். கெர்னலும் ஒவ்வொரு பாகத்துக்கும் இப்படி ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஒருவர் கேட்டால் ஒன்று கூடும், விட்டுவிட்டால் ஒன்று குறையும். கணக்கு பூஜ்யம் ஆனதும் அந்தப் பாகத்தைத் தூங்க வைத்துவிடலாம். 2009-ல் வந்த லினக்ஸ் 2.6.32 பதிப்பில் இதற்கான பொதுவான ஏற்பாடு சேர்க்கப்பட்டது.

பிராசசரை அணைக்காமலே மிச்சம் பிடிக்கவும் வழி உண்டு. வேலை குறைவாக இருந்தால் கெர்னல் அதன் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் சேர்த்துக் குறைக்கும். மின்னழுத்தம் குறைந்தால் செலவு அதன் வர்க்கத்தின் அளவில் குறையும். உதாரணமா, வேகத்தைப் பாதியாக்கி மின்னழுத்தத்தை 20 சதவீதம் குறைச்சா, இயங்குவதற்கான மின்செலவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிடும்.

திரையை அணைத்துச் சட்டைப்பையில் போட்டதும் மொத்த போனுமே ஆழ்ந்து தூங்கப் பார்க்கும். ஆனால் பாட்டு கேட்கும்போதோ வழிகாட்டி வரைபடம் ஓடும்போதோ தூங்கிவிடக் கூடாது. அதற்காக ஒரு செயலி, "நான் விடும்வரை தூங்காதே" என்று கேட்டு வாங்கலாம். இதற்கு 'வேக்லாக்' என்று பெயர். வேலை முடிந்ததும் அதை விட்டுவிட வேண்டும். சரியாக எழுதப்படாத செயலி விட மறந்துவிடும். நோட்டுல பேரை அடிக்காம ஒருத்தர் வீட்டுக்குப் போயிட்ட மாதிரிதான். ராத்திரி முழுக்க லைட் எரியும். சும்மா கிடந்த போன் சூடா இருந்தா, இப்படி ஏதாவது நடக்குதான்னு சந்தேகப்படலாம்.

இதைக் கட்டுப்படுத்த 2015-ல் ஆண்ட்ராய்டு 6 'டோஸ்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. சார்ஜரில் இல்லாமல், திரை அணைந்து, போன் அசையாமல் கொஞ்ச நேரம் கிடந்தால், செயலிகளின் பின்னணி வேலைகளை அது தள்ளிவைக்கும். இடையிடையே கொஞ்ச நேரம் மட்டும் வாசலைத் திறந்துவிடும்.

"அப்ப ஓ.டி.பி. வருமா?" வரும். டவரோடு பேசும் மோடம் தனியாக இயங்குவது. அழைப்போ குறுஞ்செய்தியோ வந்தால் அதுவே பிராசசரை எழுப்பிவிடும். டவர் வழியாக நேரடியாக அனுப்பப்படும் பேரிடர் எச்சரிக்கையும் அப்படித்தான். இதுக்கெல்லாம் எந்த ஆப்பும் திறந்திருக்க வேண்டியதில்லை.

இப்ப முதல் கேள்விக்கு வருவோம். நினைவகத்தில் சும்மா இருக்கும் செயலி சார்ஜைத் தின்பதில்லை. அதைத் துடைத்துவிட்டுத் திரும்பத் திறந்தால், முதலிலிருந்து ஏற்றுவதற்குத்தான் கூடுதல் சார்ஜ் போகும். எல்லாத்தையும் விரட்டுறதைவிட, விடாம பிடிச்சு வைச்சிருக்கிற ஒண்ணைக் கண்டுபிடிக்கிறதுதான் பலன் தரும்.

அமைப்புகளில் 'பேட்டரி' பகுதிக்குப் போங்க. எந்தச் செயலி எவ்வளவு செலவழிச்சதுன்னு பட்டியல் இருக்கும். நீங்க அதிகம் தொடாத ஒன்று மேலே நின்றால், அதன் பின்னணி இயக்கத்தைக் கட்டுப்படுத்துங்க. தேவையில்லைன்னா நீக்கிடுங்க. ஆனா 'ஃபோர்ஸ் ஸ்டாப்' கொடுக்கும்போது கவனம். நீங்களே மறுபடி திறக்கும்வரை அந்தச் செயலியின் அறிவிப்புகள் வராது. மாத்திரை நேரத்தை நினைவூட்டும் செயலிக்கு அதைச் செய்யாதீங்க.

சில செயலிகள் 'பேட்டரி கட்டுப்பாடு வேண்டாம்' என்று அனுமதி கேட்கும். மருந்து நினைவூட்டல், பேரிடர் எச்சரிக்கை மாதிரி உயிரோடு சம்பந்தப்பட்டவைக்குக் கொடுங்க. விளையாட்டுக்கும் ஷாப்பிங்குக்கும் வேண்டாம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் சில பகுதிகளில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் மிச்சமிருக்கும் சார்ஜ்தான் உதவி கேட்கும் வழி. திரை வெளிச்சத்தைக் குறைத்து, பேட்டரி சேவரைப் போடுங்க. சிக்னல் பலவீனமானால் மோடம் அதிக சக்தியோடு பேச வேண்டியிருக்கும். டவரே இல்லையென்றால் தேடிக்கொண்டே இருக்கும். அப்போது விமானப் பயன்முறையில் வைத்து, மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் மட்டும் திறந்து பாருங்க. அந்த முறையில் இருக்கும்வரை அழைப்பும் எச்சரிக்கையும் வராது என்பதால், எந்த நேரத்தில் திறப்போம்னு வீட்டாரிடமும் உறவினரிடமும் முன்கூட்டியே பேசி வைச்சுக்குங்க.

கணக்குப் பார்க்கும் காவலாளி உங்க போனுக்குள்ளேயே இருக்கார். அவர் வேலையைக் கெடுக்கிற செயலி எதுன்னு வாரம் ஒருமுறை பார்த்தாலே போதும்.