பொறுமையும் கர்த்தருடைய வேளையும்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் கல்விச் சங்கத்திற்கு 25 ஆண்டுகள் நிறைந்திருக்கின்றன. வேதத்திலும் ஒரு 25 ஆண்டுக் கணக்கு உண்டு. ஆபிரகாம் ஆரானை விட்டுப் புறப்பட்டபோது அவருக்கு வயது 75. ஈசாக்கு பிறந்தபோது வயது 100. பொறுமையைப் பற்றிப் பிரசங்கிப்போர் பலரும் இந்தக் கணக்கைச் சொல்வார்கள். அந்த ஆண்டுகளினூடே நடந்த மற்றொன்றை அவ்வளவாகச் சொல்வதில்லை.

காத்திருக்க மாட்டாமல் சாராள் தன் அடிமைப் பெண்ணாகிய ஆகாரைத் தன் கணவனுக்குக் கொடுத்தாள். பொறுமை இழந்தவர்கள் எஜமானர்கள். துன்பம் வந்து சேர்ந்ததோ அடிமைக்கு. பின்னாளில் ஆகார், அப்பமும் ஒரு துருத்தித் தண்ணீருமாகப் பிள்ளையோடு வீட்டை விட்டு அனுப்பப்பட்டாள். பெயெர்செபா வனாந்தரத்தில் தண்ணீர் தீர்ந்தது. பிள்ளையைச் செடியின் கீழ் விட்டு, அது சாவதைக் காண மனமின்றி எட்டப் போய் உட்கார்ந்து அழுதாள். அவளிடம் தேவன், இன்னும் 25 ஆண்டுகள் பொறுத்திரு என்று சொல்லவில்லை. பிள்ளையின் குரலைக் கேட்டார். அவளுடைய கண்களைத் திறந்தார். தண்ணீருள்ள துரவு அங்கேயே இருந்தது.

வாரிசுக்காக ஏங்கிய செல்வருக்கு 25 ஆண்டுகள். தாகத்தால் சாகக்கிடந்த பிள்ளைக்கோ அந்த நாழிகையே. இரண்டும் கர்த்தருடைய வேளைதான். நம்மிடம் பொறுமையைப் போதிக்கிறவர்கள் பெரும்பாலும் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லாதவர்கள். ஆகையால்தான் இந்த வேறுபாட்டை நாமே வேதத்தில் தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது.

நம் மக்களின் நீண்ட காத்திருப்பை எண்ணிப் பாருங்கள். 1950 ஆகஸ்டு 10ஆம் நாள் வெளியான குடியரசுத் தலைவரின் ஆணை, பட்டியல் சாதியினர் என்னும் தகுதியை மதத்தோடு பிணைத்தது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவருக்குத் திறக்கவில்லை. ஞானஸ்நானம் பெற்றதனால் சேரி இடம் பெயர்ந்துவிடவில்லை. சில ஊர்களில் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்திலேயே சாதிச் சுவர் எழுந்ததுண்டு. மதத்தைப் பாராமல் அத்தகுதியை வழங்கலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மீண்டும் ஓர் ஆணையம் அமைந்தது. 2023 ஏப்ரல் 19ஆம் நாள் தமிழ்நாடு சட்டமன்றம் இதற்காகத் தீர்மானம் நிறைவேற்றியது. தனித்தொகுதியில் நிற்கும் உரிமையும், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் இந்த ஒரு வரியில் அடங்கியிருப்பதால் இது சிறிய வழக்கன்று.

இதில் நமக்குப் பொறுமை வேண்டும். அது லூக்கா எழுதிய விதவையின் பொறுமையாக இருக்கட்டும். அநீதியுள்ள நியாயாதிபதி அலுத்துப்போகும் வரை அவள் அவன் வாசலுக்கு நடந்தாள். துறைமுகத்தில் இடம் கிடைக்கும் வரை கடலில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களைக் காசிமேட்டுக் கரையிலிருந்து நீங்கள் பார்த்திருப்பீர்கள். கரையிலிருந்து பார்த்தால் அவை உறங்குவதாகத் தோன்றும். உள்ளே இரவும் பகலும் ஆட்கள் முறை மாறிக் காவல் இருக்கிறார்கள்.

ஆனால் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, கொள்கலன் லாரிக்கும் ஒப்பந்தக் கூலிக்கும் போகிற பிள்ளையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். தீர்ப்பு பத்தாண்டு கழித்து வந்தாலும் பயன்படும். 16 வயது அவனுக்குத் திரும்ப வராது. அவன் செடியின் கீழ் கிடக்கும் பிள்ளை. அவனுக்காக ஜெபித்துவிட்டுத் தூரத்தில் உட்கார்ந்திருக்க நமக்கு அனுமதி இல்லை.

மேடையின் இடப்புறம் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். உங்கள் தெருவில் இவ்வாண்டு பதினோராம் வகுப்பில் சேராமல் நின்றுவிட்ட பிள்ளைகளின் பெயரையும் வீட்டு அடையாளத்தையும் அதில் எழுதிவிட்டுச் செல்லுங்கள். சேர்க்கை முடிவதற்குள் அந்த வீடுகளுக்குப் போக வேண்டும்.