உடல்வாகுக்கு மூன்று எண்கள்



ஜிம்முக்குப் போகும் பிள்ளைகள் வாயில் இன்று மூன்று சொற்கள் புழங்குகின்றன: எண்டோமார்ஃப், மீசோமார்ஃப், எக்டோமார்ஃப். பருத்த உடம்பு, கட்டுடம்பு, ஒல்லி உடம்பு என்று அவற்றுக்குப் பொருள் சொல்கிறார்கள். "நான் எக்டோமார்ஃப், எனக்கு உடம்பு ஏறவே ஏறாது" என்று ஒரு பையன் சொல்லிக் கேட்டபோது வருத்தமாக இருந்தது. அறிவியல் அப்படிச் சொல்லவில்லை.

உடல்வாகைக் குறிக்கும் சொமாட்டோடைப் என்ற சொல்லை 1940-இல் பரப்பியவர் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஷெல்டன். கருவில் உருவாகும் மூன்று படலங்களின் பெயர்களிலிருந்தே மூன்று கூறுகளுக்கும் பெயர் வைத்தார். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். ஒருவருக்கு 4-4-4 வந்தால், மூன்றும் சமமாகக் கலந்த உடம்பு. அவர் கணக்கிலேயே பெரும்பாலோர் கலப்புதான்.

ஆனால் ஷெல்டன் அதோடு நிற்கவில்லை. பருத்தவர் சுகவாசி, கட்டுடம்புக்காரர் துணிச்சல்காரர், ஒல்லியானவர் கூச்சக்காரர் என்று குணத்தையும் உடம்போடு முடிச்சுப் போட்டார். உடம்புக்கும் குணத்துக்கும் மதிப்பெண் போட்டவர் அவரேதான். பிறகு இரண்டும் பொருந்திப் போவதில் என்ன வியப்பு? உட்காரும், நிற்கும் முறையைச் சோதிப்பதாகச் சொல்லி, யேல் உள்ளிட்ட அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மாணவர்களை நிர்வாணமாக நிறுத்திப் படம் எடுத்த வழக்கமும் அவர் ஆய்வுக்குத் துணைபோனது. அறிவியலின் பெயரால் நடந்த அவமதிப்பு அது.

ஷெல்டனிடம் வேலை பார்த்த பார்பரா ஹீத், லிண்ட்சே கார்ட்டருடன் சேர்ந்து 1967-இல் அவருடைய மதிப்பெண் முறையைத் திருத்தி அமைத்தார். குணத்தைப் பற்றிய பேச்சே அதில் இல்லை. உயரம், எடை, நான்கு இடங்களில் தோல் மடிப்பின் தடிப்பு, முழங்கை, முழங்கால் எலும்புகளின் அகலம், புஜம், கெண்டைக்கால் சுற்றளவு என 10 அளவுகள். கிடைக்கும் மூன்று எண்களும் அளந்த அன்றைய உடம்பைத்தான் காட்டும். சாப்பாடும் பயிற்சியும் வயதும் மாறினால் எண்ணும் மாறும். விளையாட்டு அறிவியலில் இன்றும் பயன்படுவது இந்த முறையே.

உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் உடம்பைக் கண்ணால் பார்த்து, இவன் இந்த வகை, இவனுக்கு இந்த விளையாட்டு வராது என்று முடிவுகட்டாதீர்கள். முதலில் மைதானத்தில் இறங்கி ஓட விடுங்கள்.