நெஞ்சு அடங்கினாலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரை படித்தவள். குழுவில் கணக்கு வாசிக்கத்தான் எழுந்து நின்றிருக்கேன். இன்னிக்கு என் உடம்பைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்காங்க.

நெஞ்சு படபடன்னு அடிச்சா நாம என்ன சொல்லுவோம்? ரத்தம் பத்தலை, நேரத்துக்குச் சாப்பிடலை, கடன் கவலைன்னு சொல்லிட்டு வேலையைப் பார்க்கப் போயிடுவோம். எனக்கு 31 வயசில் அந்தப் படபடப்பு வந்தது. கூடைக்குள் அடைச்ச கோழி சிறகடிக்கிற மாதிரி இருக்கும். தண்ணிக் குடத்தோட நாலு எட்டு வைக்க முடியாம மூச்சு வாங்கும்.

அரசு ஆஸ்பத்திரியில் ஈசிஜி, எக்கோ எடுத்தாங்க. "சின்ன வயசில் தொண்டை வலி வந்து, பிறகு காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வந்ததா?" என்று டாக்டரம்மா கேட்டாங்க. வந்தது. அந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதயத்தின் வால்வு சுருங்கிடுச்சாம். அதனால் மேல் அறை பெருத்து, தாறுமாறாத் துடிக்குதாம். இதற்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று பெயர். மேல் அறை ஒழுங்காச் சுருங்கி விரியாம நடுங்கிக்கிட்டே இருந்தா அங்கே ரத்தம் தேங்கும். தேங்கினா உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனா பக்கவாதம்.

ரத்தம் உறையாம இருக்கும் மாத்திரையை உடனே ஆரம்பிச்சாங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் தொடை வழியா பலூன் விட்டு வால்வை விரிச்சாங்க. பிறகு மயக்கம் கொடுத்து மின் அதிர்ச்சி வைத்துத் துடிப்பைச் சீராக்கினாங்க. ஏழு மாசம் நல்லா இருந்தேன். மறுபடியும் வந்துடுச்சு. அன்னிக்கு ரொம்ப அழுதேன். "இது திரும்பத் திரும்ப வர்ற நோய்தாம்மா. வந்தாலும் பக்கவாதம் வராமப் பார்த்துக்கலாம்" என்றாங்க டாக்டரம்மா. இப்போது வேகத்தை அடக்க ஒரு மாத்திரை, ரத்தம் உறையாம இருக்க ஒரு மாத்திரை, 21 நாளுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி.

துடிப்பு அடங்கின நாளில் வீட்டில் கேட்பாங்க, "நல்லாத்தானே இருக்கே, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று. நல்லா இருக்கும்போதும் கட்டி உருவாகலாம். அதனால் டாக்டர் சொல்லாம நான் நிறுத்த மாட்டேன்.

மாசாமாசம் ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை உண்டு. எனக்கு அது 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்கணும். குறைஞ்சா ரத்தம் உறையும், கூடினா ரத்தக் கசிவு வரும். கீரையை விடச் சொல்லலை. ஒரு வாரம் முருங்கைக்கீரையே சாப்பிட்டு அடுத்த வாரம் தொடாம இருக்கக் கூடாது, அளவு ஒரே மாதிரி இருக்கணும். கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கக் கூடாது. பல் பிடுங்கும் முன்னாடி இந்த மாத்திரையைச் சொல்லணும். மாதவிலக்கில் ரத்தம் அதிகம் போனா வெட்கப்படாம டாக்டரிடம் சொல்லணும். குழந்தை பெத்துக்க நினைக்கிறவங்க முன்கூட்டியே கேட்கணும், இந்த மாத்திரை கருவைப் பாதிக்கலாம்.

பரிசோதனைக்குப் போற நாளில் எனக்கு வேலையும் கூலியும் போகும். என் குழு அந்தத் தேதியில் கூட்டம் வைக்கிறதில்லை. ஒரு அக்கா என் பையனைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வந்து சோறு போடுவாங்க. போன வருஷம் உள்கடன் கேட்டபோது, "சீக்காளி, எப்படிக் கட்டுவா?" என்று ஒருத்தர்கூடக் கேட்கலை. தவணை தவறாமக் கட்டி முடிச்சேன்.

இப்போ எல்லாரும் கட்டை விரலுக்குக் கீழே, மணிக்கட்டில் மூணு விரலை வைங்க. ஒரு நிமிஷம் எண்ணுங்க. துடிப்பு விட்டு விட்டு, ஒழுங்கில்லாம வந்தா ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஈசிஜி எடுக்க எங்கே போகணும்னு கேளுங்க. யாருக்காவது வாய் கோணினா, ஒரு கை தூக்க முடியலைன்னா, பேச்சு குளறினா, விடியட்டும்னு இருக்காதீங்க. 108-ஐக் கூப்பிடுங்க. கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போடணும். அவங்க சாப்பிடுற மாத்திரைச் சீட்டையும் எடுத்துட்டுப் போங்க.

கூட்டமைப்பிடம் ஒரு கோரிக்கை. மாசக் கூட்டத்தில் சேமிப்பு கேட்கும்போதே, வீட்டுப் பிள்ளைகளுக்குத் தொண்டை வலி, காய்ச்சல், மூட்டு வீக்கம் இருக்கான்னும் கேட்கச் சொல்லி ஒரு தீர்மானம் போடணும். எனக்கு வந்தது அந்தப் பிள்ளைகளுக்கு வர வேண்டாம்.