கண்மதிப்பும் மருந்தளவும்



மயிலாப்பூரிலிருந்து தெற்கே அடையாற்றுப் பாலத்தைக் கடப்போர், ஆறு கடலோடு கலக்கும் திசையை ஒரு நிமிஷம் நின்று நோக்கலாம். 1746 ஆம் ஆண்டின் இறுதியில் அம்முகத்துவாரத்தில்தான், ஆர்க்காட்டு நவாபின் குமாரர் மாபூஸ் கானுடைய பதினாயிரம் பேர் கொண்ட சேனையை, கேப்டன் பாரடிஸ் நடத்திவந்த ஏறத்தாழ ஆயிரம் பேர் கொண்ட பிரெஞ்சுப் படை முறியடித்தது. அந்த ஆயிரவரிலும் பெரும்பாலார் இந்நாட்டுச் சிப்பாய்களே.

அன்று ஒருவனும் குறி பார்த்து ஒருவனைச் சுட்டு வென்றானில்லை. அக்காலத்துத் துப்பாக்கியின் குழல் உள்ளே வழவழப்பானது. குண்டோ குழலினும் சிறியது. அது இரு பக்கமும் மோதிக்கொண்டே வந்து, கடைசியாக எப்பக்கம் மோதிற்றோ அதற்கேற்ற வழியில் வெளியேறும். நூறு கஜத்தில் ஓர் ஆளைக் குறி வைத்தல் வீண். ஆகவே வரிசையாக நின்று ஒருங்கே சுட்டார்கள். எண்ணிக்கை குறியின்மையை ஈடு செய்தது.

பயிர்க் காவலுக்குத் துப்பாக்கி வைத்திருக்கும் குடியானவருக்கு அவ்வசதி இல்லை. நிலக்கடலைக் கொல்லையின் வரப்பில் இரவில் அவர் தனியே நிற்கிறார். கையில் இருப்பது ஒரே வெடி. அது தவறினால் குண்டு அடுத்த கொல்லைக் காவற்குடிசைக்கும் போகலாம். 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், பயிர்க் காவலின் பொருட்டு வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியைத் தனியே குறிப்பிட்டு லைசென்சுக்கு இடந்தருகிறது. ஆயினும் அந்த லைசென்சு துப்பாக்கிக்கு மட்டுமே உரியது. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, உத்தரவு பெறாமல் காட்டுப் பன்றியைச் சுடுதல் குற்றமாகும். இதை அறியாது வழக்கில் அகப்படுவோர் உண்டு.

குறி தவறாமைக்கு வழி கண்டவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலக் கணிதர். ஊசலாகத் தொங்கவிட்ட கனத்த மரக்கட்டையின்மீது சுட்டு, அது ஆடிய தூரத்தைக் கொண்டு குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார்; 1742 இல் அதை நூலாகவும் வெளியிட்டார். வேகம் மிகமிகக் காற்றின் எதிர்ப்பும் பெருமளவு மிகும் என்று காட்டினார். அதாவது, கூடுதலாகப் போட்ட மருந்தின் பயனிற் பெரும்பகுதியைக் காற்றே விழுங்கிவிடும். குழலினுள் திருகுபுரி வெட்டி, குண்டைச் சுழலவிட்டால் அது நேர் செல்லும் என்பதையும் 1747 இல் விளக்கினார். அடையாற்றுச் சண்டைக்கு நான்காண்டுகள் சென்றபின், கம்பெனியாரின் கோட்டைகளைச் சீர்படுத்த அவரே இக்கரைக்கு வந்தார். கடலூரையடுத்த தேவனாம்பட்டினக் கோட்டையில் 1751 ஜூலை 29 ஆம் தேதி, நாற்பத்துநான்காம் வயதில் காலஞ்சென்றார்.

புரியுள்ள குழலில் குண்டு தானாகப் புரியைப் பற்றாது. எண்ணெய் தடவிய துணித்துண்டில் அதைப் பொதிந்து இறக்க வேண்டும். துணி புரியைப் பற்றிக் குண்டைச் சுழற்றும். மருந்தின் புகை பக்கவாட்டில் தப்பாமலும் அடைக்கும். துணியின் கனம் அங்குலத்தில் நூற்றிலொரு பங்கு முதல் ஐம்பதிலொரு பங்கு வரை வழக்கில் உண்டு. எது பொருந்தும் என்பதை அந்தந்தக் குழலே சொல்ல வேண்டும். சுட்டபின் சில அடி தூரத்தில் அத்துணி விழுந்து கிடக்கும். அதைத் தேடி எடுத்துப் பாருங்கள். முழுதாக இருந்து நடுவில் மட்டும் கறுத்திருப்பின் நன்று. கருகித் துளைபட்டிருப்பின் துணி மெல்லியது, அல்லது எண்ணெய் போதாது. கிழிபட்டிருந்தால் குழல் வாயின் கூர்மையோ துணியின் தடிப்போ காரணம். இவ்வளவு மலிவான பரீட்சை வேறில்லை; ஆனால் செய்வோர் சிலரே.

மருந்தைக் கைமதிப்பாகப் போடுவதே பெருங்கேடு. சங்கக் கிடங்கில் நெல்லைக் கண்மதிப்பால் அளக்க எந்த அங்கத்தினரும் சம்மதியார். தம் முகத்தருகே வெடிக்கும் பொருளை மட்டும் உள்ளங்கைக் குழியால் அளக்கிறார்கள்! ஒரே அளவுக்குழாய் வேண்டும். துப்பாக்கி செய்தோர் அனுமதித்த அளவுகளில் குறைந்ததிலிருந்து தொடங்கி, துப்பாக்கியை மணல் மூட்டையின்மேல் அசையாது வைத்து, ஐம்பது கஜத்தில் ஒரே அளவால் ஐந்து வெடி சுட்டு, துளைகளின் நெருக்கத்தைக் குறித்துக்கொள்க. பின்பு 5 கிரெயின், அதாவது ஒரு கிராமில் மூன்றிலொரு பங்கு, கூட்டி மீண்டும் சுடுக. மருந்தை மாற்றும்போது துணியை மாற்றலாகாது. துணியை மாற்றும்போது மருந்தை மாற்றலாகாது. ஓரளவில் துளைகள் நெருங்கும். அதற்குமேல் மீண்டும் சிதறும். நெருங்கிய அளவே அக்குழலுக்கு உரியது. அது பெரும்பாலும் அனுமதித்த உச்ச அளவாக இராது.

மருந்துக் குடுவையிலிருந்து நேரே குழலில் கொட்டுதல் கூடாது; உள்ளே தணலிருந்தால் குடுவையே கையில் வெடிக்கும். புகையில்லா மருந்தை இத்துப்பாக்கியில் ஒருபோதும் இடலாகாது. குண்டுக்கும் மருந்துக்கும் இடையே வெளி விட்டாலும் குழல் பிளக்கும். ஆகையால், குண்டு மருந்தின்மேல் சரியாகப் பதிந்த நிலையில் கெசக்கோலிற் குழல் வாய்க்கு நேரே ஒரு கோடு கீறிவைப்பது நலம். கோடு வெளியே தெரிந்தால் குண்டு இறங்கவில்லை.

ஒவ்வொரு வெடிக்கும் பிறகு ஈரத்துணியாலும் உலர்ந்த துணியாலும் குழலைத் துடைக்க வேண்டும்; இன்றேல் ஐந்தாவது வெடி முதல் வெடியைப் போல் இராது. சுட்ட அன்று மாலையே வெந்நீரால் கழுவி, உலர்த்தி, எண்ணெயிடுக. கரிமருந்தின் கசடு ஈரத்தை இழுக்கும். அடையாறு, திருவான்மியூர் போன்ற கடற்காற்று வீசும் ஊர்களில் ஓரிரவு போதும், புரியின் விளிம்பில் துரு ஏறிவிடும். பிறகு எத்துணியும் முழுதாகத் திரும்பி வராது.